குழம்பைக் கேட்டு ஒயினைத் தேர்ந்தெடுங்கள்: ராமநாதபுரக் கரைச் சமையலுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

"மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு" என்ற வாய்பாட்டைப் பலரும் கேட்டிருப்பார்கள். வெண்ணெயிலும் எலுமிச்சையிலும் மீனைப் புரட்டி எடுக்கும் ஊர்களுக்கு அது சரி. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் நம் கரையில் மீன் அப்படித் தனியாகத் தட்டுக்கு வருவதில்லை. புளியில் கொதித்து, முண்டு மிளகாயில் சிவந்து, மேலே நல்லெண்ணெய் மிதக்க வருகிறது. ஒயினோடு முதலில் மோதுவது அந்தக் குழம்புதான்; சீலாவா பாறையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அதனால் சட்டியில் என்ன மீன் என்று கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: புளி எவ்வளவு, காரம் எவ்வளவு, தேங்காய் உண்டா இல்லையா. இந்த மூன்றும் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தொடங்கும் முன் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒயின் லேசான பானம், எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் நிறைய. 12.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் 150 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீதப் பிராந்தி 30 மில்லியில் இருப்பது 10 கிராம்தான். அதாவது ஒரு கிளாஸ் ஒயின், ஒன்றரை சின்ன பெக். சுவைத்துப் பழக ஒருவருக்கு ஒரு தடவைக்கு 50 மில்லி போதும். ஒரு 750 மில்லி பாட்டில் பதினைந்து தடவை ஊற்ற வரும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு ஊற்றக் கூடாது. கர்ப்பிணிகள், சர்க்கரை மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள், இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டவேண்டியவர்கள், விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் யாரையும் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். குடிக்காதவர்களுக்கு நன்னாரி சர்பத்தோ எலுமிச்சை சோடாவோ அதே மாதிரி கிளாஸில் ஊற்றி வையுங்கள். பந்தியில் யாரும் வேறுபட்டு உட்கார வேண்டியதில்லை.

வாங்குவதும் கொண்டு வருவதும்

நம் பேச்சில் "ஒயின்ஷாப்" என்றாலும் பெரும்பாலான கடைகளில் ஒயின் வகை குறைவு. டாஸ்மாக்கின் எலைட் கடைகளில்தான் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கிடைக்கும். மதுரைக்குப் போகும்போது வாங்கிவருவது ஒரு வழி. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவருவதற்குத் தனி விதிகள் உண்டு. அந்தச் சிக்கலே வேண்டாம். பில்லோடு இங்கேயே வாங்குங்கள்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது நான்கு. முதலில் லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு. நாசிக், நந்தி மலைப் பக்கங்களில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வெள்ளை, ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) இரண்டும் அந்த ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இருந்தால் நல்லது. சாதாரணச் சிவப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு. "பழசானால் நல்லது" என்பது மிகச் சில ஒயின்களுக்கு மட்டும் பொருந்தும். நாம் வாங்கும் விலையில் புதிதாக இருப்பதே நல்லது. இரண்டாவது ஆல்கஹால் சதவீதம். காரச் சமையலுக்கு 13-க்குக் கீழே தேடுங்கள், 14.5 என்று போட்டிருந்தால் குழம்பின் எரிச்சலை அது இரட்டிப்பாக்கும். மூன்றாவது மூடி. திருகு மூடி மட்டம் என்று நினைக்க வேண்டாம். நம் வெக்கையில் கார்க்கைவிட அதுதான் தொல்லை இல்லாதது, ஓப்பனரும் தேவையில்லை. நான்காவது, கழுத்து. கார்க் சற்று மேலெழும்பி இருந்தாலோ, கழுத்தில் ஒட்டும் பிசுக்கு வழிந்த தடம் இருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் வெந்திருக்கிறது. விட்டுவிடுங்கள்.

மே மாதத்தில் மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கார் டிக்கியில் பாட்டிலைப் போட்டுக்கொண்டு வந்தால் வாங்கிய பணம் வீண். பூட்டிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும். சில மணி நேரத்தில் பழவாசம் போய் ஜாம் காய்ச்சிய வாசம் வந்துவிடும். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி நம் ஊரில் எங்கும் கிடைக்கும். புதுப் பெட்டி ஒன்று வாங்கி, உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டை ஒயினோடு வைத்து மூடினால் ஒரு பகல் முழுக்கத் தாங்கும். மீன் ஏற்றிய பழைய பெட்டி வேண்டாம். ஒயினுக்குள் வாசம் போகாது. ஆனால் பாட்டிலின் மேல் ஏறி, ஊற்றும் கை வழியாகக் கிளாஸுக்கு வந்துவிடும்.

இந்தக் கரைக்கு ஒயின் வந்து இறங்கியது நேற்று இன்றல்ல. வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒயினையும் எண்ணெயையும் கப்பலில் ஏற்றிவந்த சாடிகள் அவை.

வீட்டில் வைக்க மிக மோசமான இடங்கள் பரணும் ஃபிரிட்ஜுக்கு மேலே உள்ள இடமும். இரண்டுமே சூடு தங்கும் இடம். மண்தரையை ஒட்டிய, வெயில் படாத அறையில் ஈரச்சாக்கு சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுக்குள் வையுங்கள். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், கார்க் காய்ந்து சுருங்காமல் இருக்க. திருகு மூடிக்கு எப்படி வைத்தாலும் சரி.

முதல் மாதத்துக்கு மூன்று பாட்டில் போதும்: லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒன்று, இனிப்பில்லாத ரோசே ஒன்று, துவர்ப்பு குறைந்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒன்று. நாசிக்கின் சூலா நிறுவனத்தின் செனின் பிளாங்க் அந்த லேசான இனிப்போடுதான் வருகிறது, நம் சாப்பாட்டுக்கு நல்ல தொடக்கம். போர்ட் ஒயின் என்று விற்கும் இனிப்புச் சிவப்பைத்தான் பலர் முதலில் குடித்திருப்பார்கள். அதைச் சாப்பாட்டுக்கு வைக்காதீர்கள். பலகாரத்துக்கு அதற்கு இடம் உண்டு.

குளிர்ச்சி

நம் ஊரில் ஒயின் கெடுவதற்குப் பாதிக் காரணம், பரிமாறும் சூடு. "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்பார்கள். அவர்கள் சொன்ன அறை 17, 18 டிகிரி. நம் அறை 33. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் பிராந்தி போல மூக்கில் ஏறும். பழமும் தெரியாது, வாசமும் தெரியாது.

ஸ்பார்க்லிங் (நுரைக்கும் ஒயின்) 6 முதல் 8 டிகிரி. வெள்ளை 8 முதல் 10. ரோசே 10 முதல் 12. சிவப்பு 15, 16. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கணக்கு இப்படி: வெள்ளை, ரோசே இரண்டையும் மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றும் முன் பத்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து உடனே ஊற்றுங்கள். ஊற்றியது கிளாஸிலேயே சூடேறிவிடும் என்பதால் ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம்; குறையக் குறைய ஊற்றிக்கொள்ளலாம்.

மின்சாரம் போய்விட்டதா? ஆழமான வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. பாட்டில் கழுத்து வரை முழுக வேண்டும். இருபது நிமிடத்தில் வெள்ளை தயார். வெறும் ஐஸில் குத்திவைத்தால் இடையில் காற்று நின்று குளிர் ஏறாது, ஒரு மணி நேரம் ஆகும்; தண்ணீர்தான் குளிரைக் கடத்துகிறது. ஃபிரீசரில் வைத்துவிட்டு மறப்பது வழக்கமான விபத்து. உறையும் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், சிலசமயம் பாட்டிலையே பிளக்கும். வைத்தே ஆகவேண்டும் என்றால் முப்பது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஸ்பார்க்லிங்கை ஒருபோதும் ஃபிரீசரில் வைக்காதீர்கள். கிளாஸுக்குள் ஐஸ் போடுவதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நீர்த்துப்போகும்.

கிளாஸ், திறப்பது, ஊற்றுவது

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் ஒயின் கெடாது. ஆனால் நிறம் தெரியாது, வாய் அகலமாக இருப்பதால் வாசம் நிற்காது, உலோகம் கைச்சூட்டை உடனே கடத்தும். தண்டு வைத்த, வாய் உள்நோக்கிக் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சின்னக் கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீன் வழித்த தட்டோடு சேர்த்துக் கழுவிய கிளாஸில் கவிச்சி வாசம் ஒட்டியிருக்கும். தனியாக, சோப்பு மிகக் குறைவாகப் போட்டு, வெந்நீரில் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். சமையலறைத் துணியால் துடைக்க வேண்டாம்.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வலது கையில் குழம்பு இருக்கும். கிளாஸை இடது கையால், தண்டைப் பிடித்து எடுங்கள். குடிக்கும் முன் உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் படும் நல்லெண்ணெய் ஒயினின் வாசத்தை அடைத்துவிடும்; ஸ்பார்க்லிங்கில் நுரையையே அடக்கிவிடும். சின்ன விஷயம் போலத் தோன்றும், செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கார்க் ஓப்பனரை நடுவில் குத்தி நேராக இறக்குங்கள். ஒரு வளையம் வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். முழுக்க இறக்கினால் அடிக்கார்க் பொடிந்து ஒயினில் விழும். விழுந்தால் பயப்பட வேண்டாம், டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம்.

ஸ்பார்க்லிங் பாட்டிலுக்குள் ஐந்து, ஆறு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது. நன்றாகக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். கம்பிக் கூண்டை அவிழ்க்கும் நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலிருந்து எடுபடக் கூடாது. பாட்டிலைச் சாய்த்து, ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்து, கார்க்கை இறுக்கிப் பிடித்துப் பாட்டிலைத் திருகுங்கள். பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள். குலுக்கிச் சூடாகத் திறந்து கண்ணில் கார்க் பட்டால் பார்வையே போகக்கூடும்.

சுவைப்பது எப்படி

நேரம்: சமையல் தாளிப்புக்கு முன்னால், அல்லது தாளித்துப் புகை அடங்கிய பின். சாம்பிராணி, மல்லிகைச் சரம், அத்தர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். வெற்றிலை பாக்கு போட்ட வாயில் ஒரு மணி நேரத்துக்கு ஒயின் சுவை தெரியாது. சுண்ணாம்பும் பாக்கும் நாக்கை மரக்கவைக்கும். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசல் திண்ணை வேண்டாம். கிளாஸின் மேல் வாசம் சேரவிடாமல் காற்று அடித்துக்கொண்டு போகும். உள்ளே உட்காருங்கள், ஃபேனையும் குறைத்து வையுங்கள்.

வெள்ளைத் துணி அல்லது தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். வெள்ளை ஒயின் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளம் ஒயின் பழுத்த தேன் நிறமாகவோ பழுப்பாகவோ இருந்தால் காற்றோ சூடோ பட்டிருக்கிறது.

ஆட்டாமல் ஒருமுறை மோந்து பாருங்கள். பிறகு கிளாஸைத் தரையிலோ மேசையிலோ வைத்தபடியே மூன்று சுற்று சுழற்றி, மறுபடி மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். "பிளாக் கரண்ட்", "கூஸ்பெர்ரி" என்று லேபிளில் எழுதியிருப்பதைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். சாவிக்னான் பிளாங்க் என்ற வெள்ளையில் பச்சைக் குடைமிளகாயை வெட்டிய வாசம் வந்தால் அது கற்பனை அல்ல. இரண்டிலும் ஒரே குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கின்றன. செனினில் கொய்யா, எலுமிச்சைத் தோல் சொல்லலாம். ஷிராஸில் நாவல்பழம், இடித்த மிளகு. மஸ்கட் வகைகளில் கம்பம் பன்னீர் திராட்சையின் வாசம் அப்படியே இருக்கும். பன்னீர் திராட்சையே மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான்.

ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, நாக்கின் மேலும் ஈறுகளின் மேலும் ஐந்து விநாடி உருட்டுங்கள். விழுங்கியோ துப்பியோ, பிறகு நான்கை வரிசையாகக் கவனியுங்கள். இங்கே அறுசுவை அறிந்த நாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. பல மொழிக்காரர்கள் தடுமாறும் "டானின்" என்பதற்கு நமக்குப் பிறந்ததிலிருந்தே பெயர் தெரியும்: துவர்ப்பு.

இனிப்பு நாக்கில் பட்டதும் உடனே தெரியும். பழவாசத்தை இனிப்பு என்று நினைத்து ஏமாறுவது சகஜம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் உண்மை தெரியும். புளிப்பு எவ்வளவு என்பதை விழுங்கிய பின் தாடையோரத்தில் ஊறும் எச்சில் சொல்லும். துவர்ப்பு, கொட்டைப்பாக்கையோ பிஞ்சு வாழைக்காயையோ கடித்தது போல ஈறுகளை உலர்த்தும். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். ஒரு நோட்டில் இந்த நான்கையும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு எழுதிவையுங்கள். மூன்று பாட்டில் முடிவதற்குள் உங்கள் நாக்குக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிடும்.

ஒரு தட்டுப் பயிற்சி

ஜோடி சேர்ப்பதன் விதிகளைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, அரை மணி நேரத்தில் நாக்காலேயே கற்றுக்கொள்ளலாம். நான்கு பேருக்கு செனின் 50 மில்லி, ஷிராஸ் 50 மில்லி ஆளுக்கு ஊற்றுங்கள். ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள்: சிட்டிகை கல்லுப்புத் தூள், எலுமிச்சைத் துண்டு ஒன்று, சுண்டைக்காய் அளவு கருப்பட்டி, எண்ணெயில் வறுத்த முண்டு மிளகாயில் ஒரு நகத்துண்டு, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி, வறுத்த நெத்திலிக் கருவாடு ஒன்று. ஒவ்வொன்றாகத் தின்று, உடனே இரண்டு ஒயினிலும் ஒரு சிறு வாய். இடையில் வெறுஞ்சோறு ஒரு கவளமும் தண்ணீரும்.

உப்புக்குப் பிறகு ஷிராஸின் துவர்ப்பு தணிந்து பழம் முன்னே வரும். எலுமிச்சைக்குப் பிறகு செனின் சப்பென்று, இனிப்பாகத் தெரியும்: சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிட்டது. புளிக்குழம்புக்குப் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் தண்ணீர் போல இருப்பதற்குக் காரணம் இதுதான். கருப்பட்டிக்குப் பிறகு ஷிராஸ் கசந்து புளிக்கும். ஆகவே பலகாரத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். மிளகாய்க்குப் பிறகு ஷிராஸ் எரியும், செனின் ஆற்றும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு உணர்விகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. இனிப்பும் குளிர்ச்சியும் அதைத் தணிக்கின்றன. தேங்காய்ப்பாலுக்குப் பிறகு இரண்டுமே வழவழப்பாக இறங்கும்.

கருவாட்டுக்குப் பிறகு ஷிராஸைக் குடித்தவர் முகத்தைப் பாருங்கள். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு கவிச்சி எழும். இதற்குக் காரணத்தை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்: ஒயினில் உள்ள இரும்புச்சத்து. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் கடலுணவோடு சேரும்போது கவிச்சி வலுக்கிறது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு அதிகம். மீனோடு சிவப்பு கூடாது என்ற பழைய வாய்பாட்டில் இருந்த உண்மை இவ்வளவுதான். கொழுப்பு மிகுந்த சாளை, சூடை வகைகளில் இது உடனே தெரியும்.

சட்டிக்குச் சட்டி

சீலா வறுவல்தான் தொடங்க எளிது. அரைக்கிலோ துண்டுக்கு முண்டு மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, உப்பு, அரை மூடி எலுமிச்சை. ஒயின் வைக்கும் நாளில் மிளகாய்த்தூளை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயில் நிறமும் மணமும் தூக்கல், காரம் மிதம்; குறைத்தாலும் நிறம் போகாது. எண்ணெயின் வழவழப்பை அறுக்க இனிப்பில்லாத ஸ்பார்க்லிங் புரூட், அல்லது சாவிக்னான் பிளாங்க். நுரையும் புளிப்பும் எலுமிச்சை பிழிந்தது போலவே வேலை செய்யும். கணவாய் வறுவலுக்கும் நெத்திலி வறுவலுக்கும் இதுவே பொருந்தும்.

புளி விட்ட மீன் குழம்பு கடினமானது. முக்கால் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி போட்டால் எந்த ஒயினும் தோற்கும். நெல்லிக்காய் அளவாகக் குறைத்து, மீதிப் புளிப்பைத் தக்காளியிலிருந்து எடுங்கள். கடைசியில் அரைமூடித் தேங்காயின் பால் விட்டால் இன்னும் நல்லது. இதற்கு லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள செனின் அல்லது ரீஸ்லிங் என்ற வெள்ளை, 8 டிகிரியில். அடுப்பிலிருந்து இறக்கியதும் பரிமாற வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். கொதிக்கும் குழம்பு நாக்கைச் சுட்டுவிட்டால் குளிர்ந்த ஒயினில் ஒன்றும் தெரியாது. முதல் நாள் குழம்பு மறுநாள் மதியம் ஒயினோடு இன்னும் இணங்கும், காரமும் புளியும் மீனில் இறங்கி மேலே கூர்மை தணிந்திருக்கும்.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நம் கரையில் ஒயினுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. நீலக்கால் நண்டின் சதையிலேயே ஒரு இனிப்பு இருக்கிறது. மிளகாயில் மூழ்கடித்தால் அது மறைந்துவிடும். ஒரு கிலோ நண்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி புதிதாக இடித்த மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். மூடிபோட்டு அதன் தண்ணீரிலேயே பன்னிரண்டு நிமிடம். ரீஸ்லிங்கோ, வியோனியே என்ற வெள்ளையோ இதோடு சேரும்போது நண்டின் இனிப்பும் ஒயினின் பழமும் ஒன்றை ஒன்று தூக்கும். ஓட்டை உடைத்துச் சப்பும் சாப்பாடு என்பதால் கை துடைக்க ஈரத்துணி ஆளுக்கொன்று வையுங்கள்.

இறால் தொக்குக்கு ரோசே. தேங்காய்ப்பால் விட்ட இறாலுக்குச் சற்றுக் கனமான வெள்ளையான சார்டனே. மரப்பீப்பாய் வாசம் தூக்கலானது வேண்டாம், அது தேங்காயோடு சேர்ந்து திகட்டும். சுறாப் புட்டு, திருக்கைப் புட்டு இரண்டுக்கும் பூண்டும் மிளகும் தூக்கல் என்பதால் சாவிக்னான் பிளாங்க்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் கறியும் நாட்டுக்கோழியும்தான் பல வீடுகளில். மட்டன் சுக்காவுக்கு ஷிராஸை அடிக்க வேறொன்றில்லை. மிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் ஷிராஸிலும் இருக்கிறது என்று 2008-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள். சுக்காவில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினால் அந்த உறவு நாக்கில் தெரியும். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் ஒயின் மென்மையாகும். துவர்ப்பு மிகுந்த சிவப்பான கேபர்னே சாவிக்னான் வேண்டுமென்றால் தனியாக வாங்காமல் ஷிராஸ் கலந்ததை எடுங்கள். குரோவர் சாம்பா நிறுவனத்தின் லா ரிசர்வ் அப்படிப்பட்ட கலவை. சிவந்த காரக் கறிக்குழம்புக்குத் துவர்ப்புள்ள எந்தச் சிவப்பும் ஒத்துவராது, குளிர்ந்த ரோசேக்கு வந்துவிடுங்கள்.

மரக்கறி நாளில் சாம்பார், கூட்டு, பொரியலுக்கு ரோசே போதும். வாழைப்பூவும் பாகற்காயும் தட்டில் இருந்தால் சிவப்பைத் தவிருங்கள். துவர்ப்பு மேல் துவர்ப்பு, கசப்பு மேல் கசப்பு ஏறும்.

கருவாட்டுக் குழம்புக்கு எங்கள் யோசனை, ஒயின் வேண்டாம். உப்பும் புளியும் கருவாட்டின் ஆழ்ந்த ருசியும் சேர்ந்து எந்தப் பாட்டிலையும் கசக்கவைக்கும். மோர் குடித்துக்கொள்ளுங்கள், ஒயினை மறுநாளைக்கு வையுங்கள்.

ரசத்துக்கும் தயிருக்கும் அப்படியே. நம் சாப்பாடு ஒரே தட்டில் குழம்பு, ரசம், தயிர் என்று நகர்கிறது. குழம்புச் சோற்றோடு ஒயின் முடிந்துவிட வேண்டும். சூடான ரசம் குடித்த வாயில் ஒயின் வெறும் தண்ணீர். தயிரின் புளிப்பு எல்லா வாசத்தையும் மூடிவிடும். அதனால் கிளாஸை முன்கூட்டியே ஊற்றி, வறுவலோடும் முதல் சோற்றோடும் மெதுவாகக் குடியுங்கள். ஒவ்வொரு கிளாஸ் ஒயினுக்கும் ஒரு சொம்புத் தண்ணீர், கட்டாயமாக.

சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துப் பலகாரம். கீழக்கரைத் தொதலின் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்த அடர்த்திக்கு, முற்றவிட்டு அறுத்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின் பொருந்தும். லேட் ஹார்வெஸ்ட் என்று லேபிளில் இருக்கும். ஆளுக்கு 40 மில்லி, நன்றாகக் குளிர்ந்தது. முதலில் ஒதுக்கிவைத்த போர்ட் ஒயினும் இங்கே சரியாக உட்காரும். கருப்பட்டிப் பணியாரத்துக்கும் அதுவே.

கெட்டதா, நல்லதா

நனைந்த சாக்கு, பூஞ்சை பிடித்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க்கில் பிடித்த பழுது. ஆட்டினாலும் ஆறவிட்டாலும் போகாது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்க ஒன்றுமில்லை. காடி வாசமோ நகப்பாலிஷ் வாசமோ வந்தால் அமிலமாகத் திரும்பிவிட்டது. தீக்குச்சி, அழுகிய முட்டை வாசம் என்றால் பயப்படாதீர்கள். காற்றில்லாமல் அடைபட்டிருந்ததால் வந்தது, பத்து நிமிடம் கிளாஸில் சுழற்றிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். கார்க்கின் அடியிலோ பாட்டில் அடியிலோ பொடிக் கல்கண்டு போலப் படிகங்கள் கிடந்தால் கண்ணாடித் துண்டு என்று பதறிக் கொட்டவேண்டாம். திராட்சையின் டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமாகப் படிந்தது அது. மெதுவாக ஊற்றி அடியில் ஒரு விரற்கடை விட்டுவிட்டால் போதும்.

மீந்ததை உடனே மூடி ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள், சிவப்பானாலும். வெள்ளையும் ரோசேயும் மூன்று நாள், சிவப்பு மூன்று நான்கு நாள் தாங்கும். பாதிக்குக் கீழே குறைந்திருந்தால் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். ஸ்பார்க்லிங்குக்கு இறுக்கிப்பிடிக்கும் தனி மூடி வேண்டும், இருந்தாலும் மறுநாள்வரைதான். நாள் கடந்த ஷிராஸ் 100 மில்லியை அரைக்கிலோ மட்டனில் தயிருக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அலுமினியச் சட்டியைத் தவிர்த்து மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ சுக்காவாகச் சுண்ட வதக்குங்கள். இரும்புச் சட்டி என்றால் ஊறவைப்பதை மட்டும் பீங்கான் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, வெந்ததும் கறியை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அமிலம் இரும்பை இழுத்துக் கறியைக் கறுக்கவைக்கும்.